கொண்டை ஊசியில் 12 மில்லிமீட்டர்

போடிநாயக்கனூரிலிருந்து மெட்டு ஏறும் தோட்ட ஜீப்பின் நான்கு சக்கரங்களையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினாலும் ஜீப்புக்கு ஒன்றும் தெரியாது. முன்னதும் பின்னதும் ஒரே அகலம், ஒரே டிஸ்க், ஒரே டயர். பின்னால் தொங்கும் ஸ்டெப்னியும் அதே அளவு. மகிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்பைக் கோத்து விற்க ஆரம்பித்த காலத்து 6.00-16 டயர் தொடங்கி இந்த இனத்து வண்டிகளுக்கு இதுதான் வழக்கம். விடியும் முன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு உடும்பன்சோலைப் பக்கம் போகிற வண்டி பாதி மலையில் பஞ்சரானால், எந்தச் சக்கரம் எந்தப் பக்கத்துக்கு என்று பார்த்துக்கொண்டு நிற்க நேரமேது?

அதே மலையில் இப்போது வேறு சாதி வண்டிகளும் ஏறுகின்றன. போடிமெட்டிலிருந்து மூணாறு வரையிலான சுமார் 42 கிலோமீட்டர் சாலை அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு அது. இன்றைய எண் 85, பழைய எண் 49. கேரளப் பக்கம் சாலை விரிந்து வழுக்கிக்கொண்டு போகிறது என்ற செய்தி பரவினால் வார இறுதியில் யார் வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த விரிந்த சாலைக்குப் போக அடிவாரத்து முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியாக வேண்டும். வேகத்துக்காகவே வாங்கிய செடானுக்கு அங்கேதான் பரீட்சை. அப்படிப்பட்ட காரில் நான்கு மூலைக்கும் ஒரே அகலச் சக்கரம் போடுவதும், அது உட்கார ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டு வைப்பதும் இப்போது அலாய் கடைகளில் அடிக்கடி அடிபடும் பேச்சு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். முதலாவது நல்ல யோசனை. இரண்டாவதை எல்லாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஆக்டேவியா ஆர்.எஸ்., வெர்ட்டஸ் ஜி.டி. போன்ற முன்சக்கர இழுவைக் கார்கள் தொழிற்சாலையிலிருந்தே நான்கும் ஒரே அளவோடுதான் வருகின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கேள்வியில் பாதி இல்லை. கேள்வி முழுசாக எழுவது பி.எம்.டபிள்யூ. மாதிரிக் கார்களில். செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியை ஒட்டிய அந்த நிறுவனத்தின் ஆலை 2007 மார்ச்சில் 3 சீரிஸோடுதான் தொடங்கியது. அங்கேயே கோத்து 2021 மார்ச்சில் விற்பனைக்கு வந்த எம்340ஐ எக்ஸ்டிரைவ், இந்த விஷயத்தைப் பேச ஏற்ற கார்: 387 குதிரைசக்தி, 500 நியூட்டன் மீட்டர் டார்க், 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி. 19 அங்குலச் சக்கரத்தில் அதற்கு முன்னால் 225/40, பின்னால் 255/35 டயர். பின்னது 30 மில்லிமீட்டர் அகலம் கூட. கடைக்காரர் மொழியில் இது ஸ்டாக்கர்டு. நான்கும் ஒன்றானால் ஸ்கொயர்.

அழகுக்காக மட்டும் பின் டயரை அகலப்படுத்தவில்லை. இஞ்சின் சக்தியில் பெரும்பங்கு பின்சக்கரத்துக்குப் போகிறது, அதைத் தரையில் இறக்க ரப்பர் வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை விளம்பரத்தில் போட மாட்டார்கள். வளைவில் அளவு மீறிப் போனால் முதலில் முன்சக்கரம் பிடி விட வேண்டும் என்பது கார் வடிவமைப்பாளர்களின் கணக்கு. முன்பக்கம் நழுவினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஓட்டுபவர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், எடை முன்னுக்கு வரும், பிடி திரும்பும். பின்பக்கம் முதலில் நழுவினால் வால் சுற்றும். அதைச் சமாளிக்கப் பழக்கம் வேண்டும். முன்னால் ஒடுக்கமும் பின்னால் அகலமுமாக டயர் போடுவது அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதி.

பந்தயத் தடத்தில் இதே பாதுகாப்பு எரிச்சலாக மாறும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி 2.1 கிலோமீட்டர் தடத்தில் சுற்றுக்குச் சுற்று முன்சக்கரம் வெளியே ஓடினால் டயரும் தேயும், நேரமும் போகும். முன்னால் அகலமான டயர் போட்டால் மூக்கு சொன்னபடி திரும்பும். ஸ்டாக்கர்டை ஸ்கொயர் ஆக்கும் பழக்கத்துக்கு அந்தத் தடங்கள்தான் பிறந்தகம்.

மலைக்கு அந்தக் காரணம் பொருந்துமா? கணக்குப் போட்டால் பொருந்தவில்லை. கொண்டை ஊசி வளைவு ஒன்றின் ஆரம் 12 மீட்டர் என்று வைத்து, மணிக்கு 25 கிலோமீட்டரில் திரும்பினால் பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் ஏறத்தாழ 0.4 பங்கு. காய்ந்த தாரில் நல்ல டயர் அதைப்போல் இரண்டு மடங்கைத் தாங்கும். ஆக, போடிமெட்டு வளைவுகளில் முன்னால் 225 இருந்தாலும் 255 இருந்தாலும் நியாயமாக ஓட்டுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. தெரிகிற வேகத்தில் ஓட்டினால், எதிரே இறங்கும் லாரிக்கு வழி இருக்காது.

அப்படியானால் ஸ்கொயர் எதற்கு? ஜீப்புக்கு எதற்கோ அதற்குத்தான். ஸ்டாக்கர்டு காரில் டயரை முன்னும் பின்னும் மாற்ற முடியாது. இடம் வலம் மாற்றலாம். டயரில் சுழலும் திசை குறித்திருந்தால் அதுவும் இல்லை. மலையில் முன் டயரின் தோள் தேயும்: முழுக்க ஸ்டியரிங் ஒடித்து மெதுவாக உருளும்போது வெளிவிளிம்பு தரையைத் தேய்த்துக்கொண்டே போகும். பின் டயர் நடுவில் தேயும். நான்கும் ஒன்றாக இருந்தால் 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றி நான்கையும் ஒன்றாகக் கிழவனாக்கலாம். எக்ஸ்டிரைவ் மாதிரி நான்கு சக்கர இழுவைக்கு இது வெறும் சிக்கனமும் அல்ல. முன், பின் சக்கரங்களின் சுற்றளவு ஒத்துப்போகாவிட்டால் இரண்டுக்கும் சக்தி பிரிக்கும் பெட்டி ஓயாமல் நழுவி நழுவிச் சூடேறும். தொழிற்சாலை ஜோடியில் அந்தக் கணக்கு சுத்தம்: 225/40 ஆர்19 டயரின் விட்டம் 662.6 மி.மீ., 255/35 ஆர்19 டயருக்கு 661.1. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர். ஆனால் பின்னால் மட்டும் புது டயர் போட்டு, முன்னால் 4 மி.மீ. தேய்ந்ததை அப்படியே விட்டால் விட்டத்தில் 8 மி.மீ. விலகல், ஒரு சதவீதத்துக்கு மேல். சக்தி பிரிக்கும் பெட்டிக்கு அதுதான் கெடுதல். இதைப் புரிந்துகொண்டவருக்கு ஸ்கொயரின் உண்மையான லாபம் புரிந்துவிடும். தேனி மாவட்டத்தின் கடைசி ஊரில் 255/35 ஆர்19 ஒற்றை டயர் அவசரத்துக்குக் கிடைக்குமா என்பதையும் இதோடு யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, நான்கும் ஒன்றாக்குவது என்று முடிவெடுத்தாயிற்று. எளிய வழியாகப் பலருக்கும் தோன்றுவது, பின்சக்கரத்தைப் போலவே இன்னும் இரண்டு வாங்கி முன்னால் மாட்டுவது. மாட்டினால் என்ன நடக்கும்? இங்கேதான் ஸ்பேசர் கதைக்குள் வருகிறது.

சக்கரத்தின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு இழுங்கள். ஹப்பில் ஒட்டி உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறதோ அது ஆஃப்செட். டிஸ்க்கின் உட்புறத்தில் ஈ.டி. என்று போட்டு எண் பொறித்திருக்கும். எண் கூடக் கூடச் சக்கரம் வண்டிக்குள் ஒடுங்கும், குறையக் குறைய வெளியே வரும். எம்340ஐ-யின் 19 அங்குலச் சக்கரங்களில் முன்னால் 8 ஜே (அதாவது 8 அங்குல அகலம்), ஈ.டி. 27, பின்னால் 8.5 ஜே, ஈ.டி. 40 என்ற ஜோடி பரவலாக உண்டு. உங்கள் வண்டியில் வேறு எண் இருந்தால் அதை வைத்துப் போடுங்கள், முறை மாறாது.

8 அங்குலம் என்பது 203.2 மி.மீ.; அதில் பாதி 101.6. ஈ.டி. 27-ஐக் கழித்தால், ஹப் முகத்திலிருந்து வெளிப்பக்கம் 74.6 மி.மீ. சக்கரம் நீட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டினால், உள்பக்கம் 128.6. இனிப் பின்சக்கரம்: எட்டரை அங்குலத்தில் பாதி சுமார் 108. வெளிப்பக்கம் 68, உள்பக்கம் 148. அதைக் கொண்டுபோய் முன்னால் மாட்டினால், பார்வைக்கு ஆறேழு மில்லிமீட்டர் உள்ளே போனது போலிருக்கும். உள்பக்கமோ 19 மி.மீ.க்கு மேல் ஸ்ட்ரட்டை நெருங்கிவிடும். அங்கே அவ்வளவு இடம் விட்டு எவரும் கார் செய்வதில்லை. டயரின் வயிறு ஸ்ட்ரட்டில் உரசும்.

ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே 12 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் வெளிப்பக்கம் 80, உள்பக்கம் 136. பழைய முன்சக்கரத்தைவிட வெளியே சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் அதிகம், உள்ளே சுமார் ஏழரை மில்லிமீட்டர் நெருக்கம். பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். ஸ்பேசர் ஹப்போடு நின்றுகொள்ளும், நான்கு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று மாறிக்கொள்ளும். ஸ்பேசருக்கு நியாயமான வேலை என்று ஒன்று உண்டென்றால் அது இது. மட்கார்டு வளைவை நிரப்பி நிற்கிறதென்று நான்கு பக்கமும் 20, 25 மி.மீ. அலுமினியத் தட்டு செருகுகிறார்களே, அது வேறு கதை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறோம்.

உட்கார்ந்துவிட்டது என்பதும் ஓடிவிட்டது என்பதும் ஒன்றல்ல. கடை வாசலில், சமதரையில், ஆள் ஏறாத வண்டியில் விரலை விட்டுப் பார்த்து இடமிருக்கிறது என்பார்கள். மலை வேறு விதமாகச் சோதிக்கும். கொண்டை ஊசியில் ஸ்டியரிங் கடைசிவரை ஒடிந்திருக்கும். அதே சமயம் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் எடை சாய்ந்து ஸ்பிரிங் அமுங்கியிருக்கும். அதே சமயம் வளைவின் உள்விளிம்பில் தார் பெயர்ந்த ஒரு பள்ளமும் இருக்கும். சமவெளியில் இந்த மூன்றும் சேர்ந்து வருவது அபூர்வம். இங்கே ஏறி இறங்கினால் 34 தடவை. ஐந்தரை மில்லிமீட்டர் வெளியே வந்த டயரின் தோள் மட்கார்டு லைனரைக் கடிப்பது அப்போதுதான். ஆகவே மாட்டியதும் நான்கு பேரை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இருபக்கமும் கடைசிவரை ஒடித்து, ஒரு சக்கரத்தைத் திட்டின் மேல் ஏற்றிப் பாருங்கள். சுண்ணாம்புக் கட்டியால் டயர் தோளில் ஒரு கோடு போட்டுவைத்தால் உரசிய இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

முன்பக்கத்து ஸ்பேசருக்கு இன்னொரு விளைவு உண்டு. சக்கரம் எந்த அச்சைச் சுற்றி இடமும் வலமும் திரும்புகிறதோ அந்த அச்சைத் தரைவரை நீட்டினால் ஒரு புள்ளி கிடைக்கும். டயர் தரையைத் தொடும் நடுப்புள்ளிக்கும் இதற்கும் உள்ள தூரத்தை வடிவமைப்பாளர் மில்லிமீட்டர் சுத்தமாக வைத்திருக்கிறார். ஈ.டி. 27 இருந்த இடத்தில் ஈ.டி. 40-ம் 12 மி.மீ. ஸ்பேசரும் சேர்ந்தால் மொத்தக் கணக்கு ஈ.டி. 28, அந்தத் தூரம் ஏறக்குறைய பழையபடியே இருக்கிறது. மேலே சொன்ன நியாயமான வேலை என்பதற்கு இதுவே பெரிய சாட்சி. அழகுக்காக 20 மி.மீ. வைத்தவருக்கோ டயரின் நடுப்புள்ளி 20 மி.மீ. வெளியே போய்விட்டது. பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். ஹப் பேரிங்கின் மேல் நெம்பும் விசையும் கூடும். சில மாதத்தில் ஊங்காரம் போடத் தொடங்கும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கடுமை. போடிமெட்டிலிருந்து போடிக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம். ஆட்களோடு 1,900 கிலோ இருக்கும் கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது விடுவிக்கும் சக்தி சுமார் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கியரில் இறங்கினால் இஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரை மறந்து பிரேக்கிலேயே இறங்கினால் பெரும்பகுதி நான்கு டிஸ்க்குகளில் சூடாகிறது, அதிலும் முன் இரண்டில் அதிகம். அந்தச் சூடு ஹப் வழியாக ஸ்பேசருக்கு வரும். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடேறி, ஆறி, மறுபடி சூடேறும்போது போல்ட்டின் பிடி தளர இடமுண்டு. மெட்டுக்கு அந்தப்பக்கம் மழையும் மூடுபனியும் ஓயாத ஊர். ஈரத்தில் அலுமினியமும் இரும்பும் ஒட்டிக்கிடந்தால் அரித்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கழற்றப் போனால் சுத்தியல்தான். மாட்டும் முன் ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுக்காமல் விட்டால் இன்னும் மோசம்: தட்டு சாய்ந்து உட்காரும், 80-ஐத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் அது போகாது.

தட்டிலேயே நல்லதும் கெட்டதும் உண்டு. இந்தக் காரின் ஹப் நடுவில் 66.6 மி.மீ. விட்டத்தில் ஒரு விளிம்பு புடைத்து நிற்கும். சக்கரம் சரியாக நடுவில் உட்காருவது அந்த விளிம்பால்தான். போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது. நல்ல ஸ்பேசர் உள்பக்கம் அந்த விளிம்பில் கச்சிதமாக உட்கார்ந்து, வெளிப்பக்கம் தனக்கென்று அதே அளவில் ஒரு விளிம்பு வைத்திருக்கும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று ஏகப்பட்ட துளைகள் போட்டு விற்கும் தட்டில் அது இருக்காது. சக்கரம் முழுக்கப் போல்ட்டை நம்பித் தொங்கும். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்த ரகம். இதை மலையில் போடுவதற்கு நான் எந்த நியாயமும் காணவில்லை.

போல்ட்டும் மாற வேண்டும். 12 மி.மீ. தட்டு வைத்தால் 12 மி.மீ. நீளமான போல்ட். இந்தக் காரில் 14 மி.மீ. போல்ட், புரி இடைவெளி 1.25. போல்ட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழமாவது புரி உள்ளே போக வேண்டும் என்பது பொது விதி; அப்படியானால் குறைந்தது 11 சுற்று. கையால் திருகி எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு சுற்றில் இறுகினால் அந்தச் சக்கரத்தோடு தெருமுனைக்குக்கூடப் போகக் கூடாது. ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்களிலும் 14 மி.மீ. போல்ட்தான், ஆனால் புரி இடைவெளி 1.5. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலிருக்கும். கலந்து போட்டு ஏர் கன்னில் அடித்தால் ஹப்பின் புரி போய்விடும்.

இனிச் சட்டம். போடிமெட்டில் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. மாற்றியமைத்த வண்டிகள் விஷயத்தில் கேரள மோட்டார் வாகனத் துறைக்கு இளகிய மனசு கிடையாது. 2021-ல் கண்ணூரில் யூடியூபர்களின் வேன் ஒன்று பிடிபட்ட விவகாரம் நாடெங்கும் பேசப்பட்டது. இரு மாநிலத்துக்கும் சட்டம் ஒன்றே. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாக உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அதே மாடலுக்குத் தயாரிப்பாளரே தரும் சக்கர அளவுக்குள் நின்றால் வழக்கமாகத் தொந்தரவு வராது. மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்திக்கொண்டு நின்றால், செக்போஸ்ட்டில் நிற்பவருக்கு அளவுகோலே தேவையில்லை. ஜெர்மனியில் ஸ்பேசருக்குத் தகுதிச் சான்றிதழ் வாங்கி வண்டியின் ஆவணத்தோடு வைத்துக்கொள்ள முறை இருக்கிறது. அங்கே செய்த நல்ல தட்டையே வாங்கினாலும் அந்தக் காகிதம் இங்கே செல்லாது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் மாற்றிவிட்டு விபத்துக்குப் பிறகு பணம் கேட்டால், அவர்கள் முதலில் பார்ப்பதும் இந்த மாற்றத்தைத்தான்.

என்னைக் கேட்டால், ஸ்பேசர் வைக்க வேண்டிய அவசியமே வராதபடி சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 8.5 ஜே, ஈ.டி. 30 என்ற அளவில் நான்கு சக்கரம் எடுத்தால் முன்னால் வெளிப்பக்கம் 78, உள்பக்கம் 138. கிட்டத்தட்ட ஸ்பேசர் வைத்த அதே இடம். ஆனால் தட்டும் இல்லை, நீள போல்ட்டும் இல்லை. பின்னால் தொழிற்சாலைச் சக்கரத்தைவிட 10 மி.மீ. வெளியே வரும். அங்கே ஸ்டியரிங் ஒடிப்பு இல்லாததால் நின்ற நிலையில் அளந்தால் முக்கால்வாசி உண்மை தெரிந்துவிடும். பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து மீதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அலாய் சக்கரத்துக்கு ஐ.எஸ். 16192 என்று இந்தியத் தரநிலை இருக்கிறது. அதற்கு உட்பட்டதா, ஒரு சக்கரம் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் டிசைன் பெயரை மட்டுமே சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

டயரில் நான் 255 பக்கம் போக மாட்டேன். எட்டரை அங்குல டிஸ்க்கில் 225/40-ஐயும் தாராளமாகப் போடலாம். அதற்கு அனுமதித்த அகலம் ஏழரை முதல் 9 அங்குலம் வரை. 255/35-க்கோ எட்டரைதான் கீழெல்லை. டயரின் பக்கச் சுவர் உயரம் இரண்டிலும் 90 மி.மீ. ஒட்டியே வருவதால் பள்ளத்தில் இரண்டுக்கும் ஒரே கதி. மெட்டுக்கு அந்தப்பக்கம் மழைத்தண்ணீர் ஓடும் தாரில், அகலமான டயர் ஒடுக்கமானதைவிட முன்னதாக மிதக்கத் தொடங்கும். 387 குதிரையைப் பின்னால் 225 தாங்குமா என்பார்கள். முழுச் சக்தியும் முதல் கியரில் வேண்டுமென்பவருக்குத் தாங்காது. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன வால் சுற்றும் அபாயமும் ஸ்கொயரில் கொஞ்சம் கூடுகிறது. பின் டயரைத்தான் இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: சட்டம் 1.6 மி.மீ. வரை தேய அனுமதித்தாலும் மூடுபனிக் காலத்தில் 3 மி.மீ.க்குக் கீழே போன டயரோடு மெட்டு ஏற வேண்டாம். இடம் மாற்றும்போது ஆழம் அதிகமுள்ள ஜோடி பின்னால் போகட்டும்.

எதை மாட்டினாலும், கடைசியில் டார்க் ரெஞ்ச். இந்தக் காரின் போல்ட்டுக்கு 140 நியூட்டன் மீட்டர், ஸ்கோடாவுக்கு 120. வண்டியைத் தரையில் இறக்கி, குறுக்கு நெடுக்காக இறுக்க வேண்டும். ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை. போடியிலிருந்து மூணாறு போய்ச் சேர்ந்தாலே அந்தத் தூரம் ஆகிவிடும். பிரேக் டிஸ்க் கையால் தொடுகிற அளவுக்கு ஆறட்டும், பிறகு ரெஞ்சை எடுங்கள். சூட்டோடு இறுக்கினால் ஆறிய பின் அந்த அளவு பொய்யாகிவிடும்.